மஞ்சள்காணிக்கும் ஒரு வரலாறு உண்டு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மயிலாடுதுறையில் மேல்நிலை வகுப்புகளுக்கு நெடுங்காலம் வரலாறு கற்பித்து ஓய்வுபெற்றவள் நான். தை பிறந்துவிட்டால், சுற்றுவட்டாரத்தில் இளங்கலை இறுதியாண்டு வரலாறு படிக்கும் பிள்ளைகள் ஆய்வுக் கட்டுரைக்குத் தலைப்புக் கேட்டு எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வருவது சில ஆண்டுகளாக வழக்கமாகிவிட்டது. இந்த ஆண்டு வந்த ஐவரும் மாணவியர். ஐவரும் மகளிர் வரலாற்றில் எழுத விரும்புவதாகச் சொன்னபோது மகிழ்ந்தேன். ஆனால் ஐவரின் நோட்டிலும் எழுதியிருந்த தலைப்பு ஏறத்தாழ ஒன்றே: 'சங்க காலம் முதல் இன்று வரை பெண்களின் நிலை'. ஐம்பது பக்கக் கட்டுரையில் இரண்டாயிரம் ஆண்டு என்றால் பக்கத்துக்கு நாற்பது ஆண்டு ஆகிறது. அந்தக் கணக்கில் தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டிக் குடமுழுக்குச் செய்ததே கால் பக்கத்துக்குள் முடிந்துவிடும்.

இதற்குப் பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். வழிகாட்டும் பேராசிரியர் ஒருவருக்குப் பத்துப் பதினைந்து பேரைப் பிரித்துக் கொடுத்துவிடுகிறார்கள். அவரும் முன்பு வந்த கட்டுரைகளின் பட்டியலைக் காட்டி, இதில் ஒன்றை எடுத்துக்கொள் என்று சொல்லிவிடுகிறார். கல்லூரி வாசலிலேயே, தலைப்பைச் சொன்னால் போதும், மூன்று நாளில் அச்சிட்டுத் தங்க நிற எழுத்துப் போட்ட அட்டையுடன் தருகிறோம் என்று சொல்லும் கடைகள் இருக்கின்றன. சென்ற ஆண்டு வெவ்வேறு ஊர்களைச் சேர்ந்த இரண்டு மாணவியர் என்னிடம் காட்டிய கட்டுரைகளில் முன்னுரை எழுத்துப் பிசகாமல் ஒன்றாக இருந்தது. எழுத்துப்பிழைகள்கூட அதே இடங்களில் இருந்தன. அகன்ற தலைப்பு இருக்கும்வரை இந்தக் கடைகளுக்கு வேலை இருக்கும், ஏனென்றால் அதை எழுத எந்த ஊருக்கும் போக வேண்டியதில்லை, எந்த ஆவணத்தையும் திறக்க வேண்டியதில்லை. ஆகவே காவிரிப் படுகையில் படிக்கும் ஒரு மாணவி மகளிர் வரலாற்றில் எதை எடுத்து எழுதலாம், எதைத் தேர்வு செய்யும்போது தயங்க வேண்டும் என்பது பற்றி எனக்குத் தெரிந்ததைத் தங்கள் நாளிதழ் வாயிலாகச் சொல்ல விரும்புகிறேன்.

வந்த ஐவரில் ஒருத்தி அரசுப் பள்ளியில் படித்தவள். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்கில் வருகிறது. அந்தத் திட்டத்தின் முழுப்பெயரில் இருப்பவர் யார் என்று கேட்டேன். "மூவலூர் இராமாமிர்தம் அம்மையார்" என்று பெயரைச் சரியாகச் சொன்னாள்; அவர் யார் என்பது தெரியவில்லை. அவள் நாள்தோறும் ஏறும் கும்பகோணம் பேருந்து மூவலூர் வழியாகத்தான் போகிறது. 1883-இல் பிறந்து, பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டும் வழக்கத்தை எதிர்த்து ஊர் ஊராகப் பேசி, 1936-இல் அதைப் பற்றி ஒரு நாவலும் எழுதி, 1938-இல் இந்தி எதிர்ப்புப் படையுடன் திருச்சியிலிருந்து சென்னைக்கு நடந்து, 1962-இல் மறைந்த ஒரு பெண்மணியின் பெயர், 1989-இல் திருமண உதவித் திட்டத்தின் பெயராகி, 2022 முதல் உயர்கல்வித் திட்டத்தின் பெயராகியிருக்கிறது. பெயர் மட்டும் பேருந்தில் வந்துபோகிறது.

அவளிடமும் நான் 'அம்மையாரின் வாழ்வும் தொண்டும்' என்று எழுதச் சொல்லவில்லை. அப்படி எழுதினால் பிறப்பு, இளமை, போராட்டம், மறைவு என்று கலைக்களஞ்சியக் குறிப்பு ஒன்றை நீட்டி எழுதியதாக முடியும். அவரைச் சுற்றிக் கேட்பதற்குக் கேள்விகள் இருக்கின்றன. கோயில் பணிக்காகத் தேவதாசியருக்கு விடப்பட்டிருந்த இனாம் நிலங்களை அந்தப் பணியிலிருந்து விடுவித்து, அவர்களுக்கே சொந்தமாக்க 1929-இல் சென்னை மாகாணத்தில் சட்டத்திருத்தம் வந்தது. பொட்டுக்கட்டுவதையே தடுக்கும் சட்டம் 1947-இல் வந்தது. இந்த இரண்டு ஆண்டுகளுக்கும் இடையில் ஏதேனும் ஒரு கோயிலின் தாசி இனாம் நிலம் யார் கைக்குப் போயிற்று என்று ஒரு மாணவி தேடினால் அது ஆய்வு. இதில் ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் நம்மோடு இதே ஊர்களில் வாழ்கிறார்கள். மதிப்பெண்ணுக்காக எழுதும் கட்டுரையில் ஒருவர் வீட்டுப் பெயரைப் போட்டுவிட்டு அவர்களைச் சங்கடத்தில் நிறுத்துவதற்கு நமக்கு உரிமை இல்லை. புல எண்ணும் கோயில் பெயரும் இருந்தால் வாதத்துக்குப் போதும்.

ஒரு நல்ல தலைப்புக்கு இரண்டு தகுதிகள் வேண்டும் என்பது என் அனுபவம். பதில் தெரியாத ஒரு கேள்வி அதில் இருக்க வேண்டும். அந்தப் பதிலைத் தரக்கூடிய ஆவணம், மாணவி காலையில் கிளம்பி இரவுக்குள் வீடு திரும்பும் தொலைவில், அவள் படிக்கத் தெரிந்த மொழியில் இருக்க வேண்டும். இரண்டாவது தகுதியைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். தரங்கம்பாடியில் 1707-இல் ஜெர்மானிய மதபோதகர்கள் பெண்பிள்ளைகளுக்கென ஒரு பள்ளி தொடங்கினார்கள் என்பது எவரையும் ஈர்க்கும் செய்தி. ஆனால் அதன் மூல ஆவணங்கள் பெரும்பாலும் ஜெர்மனியில் ஹாலே நகரிலும் கோபன்ஹேகனிலும் கிடக்கின்றன. தில்லையாடி வள்ளியம்மை பிறந்ததும் சிறை சென்றதும் 1914-இல் பதினாறு வயதில் இறந்ததும் தென்னாப்பிரிக்காவில். தில்லையாடியில் இருப்பது நினைவு மண்டபம். இவை இரண்டும் பெரிய ஆய்வாளர்களுக்கு உரியவை, ஆறு மாதப் பருவத்துக்குள் அடங்குபவை அல்ல. தஞ்சை மராட்டியர் காலத்தில் மோடி என்னும் மராத்தி எழுத்துமுறையில் எழுதப்பட்ட ஆவணங்களுக்கும் இதே சிக்கல் இருந்தது. தமிழ்ப் பல்கலைக்கழகம் அவற்றில் ஒரு பகுதியைத் தமிழாக்கித் தொகுதிகளாக வெளியிட்டிருப்பதால், ஒரத்தநாட்டு முக்தாம்பாள் சத்திரம், நீடாமங்கலத்து யமுனாம்பாள் சத்திரம் என்று அரண்மனைப் பெண்களின் பெயரில் நின்ற சத்திரங்களைப் பற்றி இப்போது எழுத முடியும். சத்திரத்துக்குப் பெயர் கொடுத்த பெண்ணுக்கு அதன் நிர்வாகத்தில் என்ன அதிகாரம் இருந்தது என்று யாராவது கேட்டுப் பார்க்கலாம்.

கல்வெட்டுகளுக்கு வருகிறேன். கல்வெட்டு என்றதும் பிள்ளைகள் பயப்படுகிறார்கள். சுவரில் ஏறிப் படி எடுக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பெரிய கோயிலின் கல்வெட்டுகள் தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் அச்சாகி நூறாண்டு கடந்துவிட்டது. "நாம் குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும்" என்று இராசராசன் வெட்டச் சொன்ன வரியில், தமக்கை குந்தவையின் கொடை மன்னனின் கொடைக்கு அடுத்தபடியாக நிற்பதைப் பாடப்புத்தகத்திலேயே படித்திருக்கிறோம். அதைவிட எனக்கு வியப்புத் தருவது தளிச்சேரிப் பெண்டுகளின், அதாவது கோயிலைச் சார்ந்த குடியிருப்பில் வாழ்ந்த பெண்களின் பட்டியல். பல்வேறு கோயில்களிலிருந்து தஞ்சைக்குக் கொண்டுவந்து குடியேற்றப்பட்ட 400 பெண்கள் அதில் இருக்கிறார்கள். ஒவ்வொருத்தியும் எந்தத் தளிச்சேரியில், எந்தச் சிறகில் (வீட்டு வரிசையில்), எத்தனையாவது வீட்டில் இருக்கிறாள், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தாள், 'நக்கன்' என்று தொடங்கும் அவள் பெயர் என்ன என்பது வரிசையாகப் பதிவாகியிருக்கிறது. ஒருத்திக்கு ஒரு பங்கு. ஒரு பங்குக்கு ஆண்டுக்கு, ஆடவல்லான் என்னும் மரக்காலால் அளந்த 100 கலம் நெல். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த 400 பெண்களின் முகவரிப் புத்தகம் இது. திருவாரூரிலிருந்து எத்தனை பேர், திருவையாற்றிலிருந்து எத்தனை பேர் என்று ஊர் வாரியாக எண்ணி ஒரு வரைபடத்தில் குறித்து, ஒரே ஊரிலிருந்து வந்தவர்கள் அடுத்தடுத்த வீடுகளில் குடியிருந்தார்களா என்று பார்த்தாலே ஐம்பது பக்கம் போதாது. இதற்குத் தேவைப்படுவது ஒரு நூலகமும் ஒரு கோடு போட்ட நோட்டும் பொறுமையும் மட்டும்.

செம்பியன் மாதேவியைப் பற்றி எழுத வருபவர்களுக்கும் இதையே சொல்வேன். கண்டராதித்தரின் மனைவியாகிய அவர் கைம்பெண்ணாக வாழ்ந்த நீண்ட காலத்தில் செங்கல் கோயில்களைக் கற்றளிகளாக, அதாவது கற்கோயில்களாக மாற்றினார். கோனேரிராஜபுரத்தில் கணவர் பெயரால் எழுப்பிய கோயிலில், அந்தக் கணவர் இலிங்கத்தை வழிபடுவது போன்ற புடைப்புச் சிற்பத்தையும் வைத்தார். எல்லாரும் எழுதுவது அவருடைய பக்தியைத்தான். இத்தனை கோயில்களுக்கான பொருள் அவருக்கு எந்த ஊர்களின் வருவாயிலிருந்து வந்தது, அவர் ஆணையை நிறைவேற்றிய அலுவலர்கள் யார் என்று கேட்டால் அவர் வேறு ஆளாகத் தெரிவார்.

சோழர் கல்வெட்டுகளில் 'முதுகண்' என்று ஒரு சொல் வரும். நிலம் விற்கும் அல்லது தானம் செய்யும் பெண், ஓர் ஆணைத் தன் முதுகணாகக் காட்டி, அவன் வழியாக அந்தச் செயலைச் செய்வாள். பிராமணப் பெண்கள் தொடர்பான கல்வெட்டுகளில் இது மிகுதி. ஆனால் அரசியரும் தேவரடியார்களும் முதுகண் இல்லாமல் தம் பெயரிலேயே கொடை தந்த கல்வெட்டுகளும் ஏராளம். எந்தப் பெண்ணுக்கு முதுகண் வேண்டியிருந்தது, எவளுக்கு வேண்டியிருக்கவில்லை? ஒரே ஒரு கோயிலின் கல்வெட்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டு இதற்கு விடை தேடலாம்.

இந்தச் சொல்லைக் கேட்டுத்தான் புதுமைப் பெண் திட்டத்து மாணவி, மறுநாள் தன் வீட்டுத் தகரப் பெட்டியிலிருந்து ஒரு பழைய பத்திரத்தை மஞ்சள் துணியில் சுற்றி எடுத்து வந்தாள். ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட முத்திரைத்தாள், ஆண்டு 1926. அவளுடைய பாட்டியின் தாயாருக்கு அவர் தகப்பனார், மஞ்சள் குங்குமச் செலவுக்காக மூன்று மா (ஏறத்தாழ ஓர் ஏக்கர்) நன்செய் எழுதிவைத்த பத்திரம் அது. நாங்கள் மஞ்சக்காணி என்று சொல்வது இதைத்தான். அக்காலத்துப் பத்திர எழுத்தரின் வழக்கமான வாசகம்: "புத்திர பௌத்திர பாரம்பரியமாய், தானாதி விக்கிரயங்களுக்கு யோக்கியமாய், சர்வ சுதந்திரமாய் ஆண்டு அனுபவித்துக் கொள்ளவும்." மகளுக்குக் கொடுக்கும் நிலத்திலும் மகனும் பேரனுமே வாரிசாக எழுதப்படுவதை அந்தப் பெண் தானாகவே கவனித்துச் சொன்னாள். இன்னொன்றும் அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. பூட்டியை வீட்டில் எல்லாரும் பிறந்த ஊரை வைத்து 'நீடாமங்கலத்தம்மா' என்றே சொல்லி வந்ததால், அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் நினைவில்லை. பத்திரத்தில்தான் அது இருந்தது.

அந்த மூன்று மா இப்போது குடும்பத்திடம் இல்லை. வில்லங்கம் போட்டுப் பார்த்ததில் 1934-இல் விற்கப்பட்டிருப்பது தெரிந்து, சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் மனுக் கொடுத்து வாங்கினோம். எழுதிக் கொடுப்பவர் என்று முதலில் கணவர் பெயர். இரண்டாவதாக 'மேற்படியார் பாரியாள்' என்று அவர். கணவர் கையெழுத்திட்டிருக்கிறார், மனைவியின் பெயருக்கு எதிரே இடது கைப் பெருவிரல் ரேகை என்று குறிக்கப்பட்டிருக்கிறது. விற்பனைக்குக் காரணம், குடும்பக் கடனும் குமாரனின் படிப்புச் செலவும். பெண்ணுக்கு முழு உரிமையாகக் கொடுத்த நிலத்தை விற்கும் பத்திரத்தில் அவர் ஏன் இரண்டாவதாக வந்தார் என்று மாணவி கேட்டாள். முதுகண் இதுதானே டீச்சர் என்றும் கேட்டாள். அவசரப்பட்டு ஆயிரம் ஆண்டை ஒரே கோட்டில் இழுத்துவிடாதே, சோழர் காலத்து வழக்கம் வேறு, 1934-இன் சட்டம் வேறு என்று தடுத்தேன். ஆனால் கேள்வி நல்ல கேள்வி.

1934 என்பது மேட்டூர் அணை பயன்பாட்டுக்கு வந்த ஆண்டு என்று எல்லாரும் சொல்வோம். உலகப் பொருளாதார மந்தத்தால் நெல் விலை பாதிக்கும் கீழே சரிந்து, தஞ்சை மாவட்டத்து நிலக்காரர்கள் கடனில் மூழ்கிய ஆண்டுகளும் அவையே. கடன் நெருக்கியபோது ஒரு வீட்டில் முதலில் கைமாறியது எந்த நிலம்? வீட்டுப் பெண்ணின் மஞ்சள்காணியா, ஆண்களுக்குத் தந்தைவழி வந்த பிதுரார்ஜித நிலமா? ஒரே ஒரு சார்பதிவகத்தில் 1928 முதல் 1936 வரை பதிவான விற்பனைப் பத்திரங்களில் பெண் பெயர் வரும் பத்திரங்களை எண்ணினாலே விடையின் ஒரு முனை தெரியும். இதைப் பிள்ளைகள் செய்ய முடியுமா என்று கேட்பவர்களுக்காக நடைமுறையையும் சொல்லிவிடுகிறேன். 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி, நிலம் தொடர்பான பத்திரங்கள் ஏறும் முதல் புத்தகத்தையும் அதன் அட்டவணையையும் உரிய கட்டணம் கட்டி எவரும் பார்வையிடலாம், நகலும் பெறலாம். பெயர் வாரியாக ஓர் அட்டவணையும் சொத்து வாரியாக ஓர் அட்டவணையும் உண்டு. உயில்கள் ஏறும் மூன்றாம் புத்தகம் அப்படித் திறந்ததல்ல. துறைத்தலைவரின் கடிதத்தோடு போனால் அலுவலர்கள் நன்றாகவே உதவுகிறார்கள். வயலில் இறங்கியவளுக்கு வரப்புத் தெரிவதுபோல, இருபது பத்திரம் படித்தவளுக்கு அந்தத் தமிழ் பழகிவிடும். கைம்பெண்ணுக்குச் சொத்தில் குறைந்த உரிமை தந்த 1937-ஆம் ஆண்டுச் சட்டம், அதை முழு உரிமையாக்கிய 1956-ஆம் ஆண்டுச் சட்டம், மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு தந்த தமிழ்நாட்டின் 1989-ஆம் ஆண்டுத் திருத்தம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் முன்னும் பின்னும் இதே புத்தகங்களைப் புரட்டி வேறு வேறு மாணவியர் எழுதலாம்.

இங்கே ஒரு குறையை நானே சொல்ல வேண்டும். நிலம் இருந்தவர்களுக்குத்தான் மஞ்சள்காணி. அந்த மூன்று மாவில் நாற்று நட்ட பெண்கள் எந்தப் பத்திரத்திலும் இல்லை. அவர்களைத் தேட வேண்டிய இடங்கள் பண்ணைக் கணக்கு நோட்டுகளும் விவசாயச் சங்கத்தின் துண்டறிக்கைகளும் இன்னும் உயிரோடு இருக்கும் கிழவிகளின் நினைவும்தான். 1952-ஆம் ஆண்டின் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமே ஆணுக்கு ஓர் அளவு நெல்லும் பெண்ணுக்கு அதைவிடக் குறைந்த அளவு நெல்லும்தான் கூலியாக வைத்தது. பாதுகாக்க வந்த சட்டத்தில் அந்த வேற்றுமை எப்படி நுழைந்தது என்பது தனியாக எழுத வேண்டிய பொருள். எங்கள் பகுதியில் எண்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மாளிடம் நான் நடவுப் பாட்டுக் கேட்கப் போனேன். "பாட்டு எல்லாரும் கேக்குறாங்க தாயி, அளவ யாரு கேட்டா?" என்றார். கூலி அளக்க ஒரு மரக்கால், குத்தகை வாங்க ஒரு மரக்கால் என்று இரண்டு வைத்திருந்ததையும், முத்திரை போட்ட மரக்கால் கேட்டுச் சண்டை நடந்ததைத் தன் மாமியார் சொன்னதையும் இரண்டு கையாலும் அளவு காட்டிச் சொன்னார். நான் கொண்டுபோன கேள்வித்தாளில் அந்தக் கேள்வியே இல்லை. வாய்மொழி வரலாறு எழுதப் போகும் பிள்ளைகள் கேள்வித்தாளை மடித்து வைத்துவிட்டு ஒரு மணி நேரமாவது சும்மா உட்கார்ந்து கேட்க வேண்டும்.

கீழ்வெண்மணியைப் பற்றிக் கேட்கிறார்கள். 1968 டிசம்பர் 25 இரவு எரித்துக் கொல்லப்பட்ட, விவசாயக் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேரில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும் என்பதால் அது மகளிர் வரலாறும்தான். ஆயினும் கைப்பேசியில் பதிவு போட்டுக்கொண்டு அங்கே போய், எஞ்சியவர்களை மறுபடியும் அந்த இரவைச் சொல்லச் சொல்வதை நான் விரும்பவில்லை. அதற்குப் பின் நடந்ததைத் தேடலாம். கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் 1981-இல் தொடங்கிய லாஃப்டி அமைப்பின் வழியாக நாகை வட்டாரத்தில் நிலமற்ற குடும்பங்களுக்கு நிலம் வாங்கித் தந்தபோது அதைப் பெண்களின் பெயரில் பதிவு செய்தார்கள். ஒரு கிராமத்தை எடுத்துக்கொண்டு அந்தப் பட்டாக்கள் இன்று யார் பெயரில் இருக்கின்றன, மகள்களுக்குப் போயினவா மகன்களுக்குப் போயினவா என்று சிட்டாவோடு ஒப்பிட்டுப் பார்த்தால் போதும்.

திருவையாற்றைப் பற்றி ஒரு வார்த்தை. தியாகராசர் சமாதியைத் தம் பொருள் செலவழித்துக் கட்டிய பெங்களூர் நாகரத்தினம்மாள், அங்கே நடந்த ஆராதனையில் பெண்கள் பாட அனுமதி இல்லாததால், தனியே பெண்களைக் கொண்டு ஒரு விழா நடத்தினார். தஞ்சை அரசவைக் கவிஞர் முத்துப்பழனியின் தெலுங்குக் காவியத்தை 1910-இல் பதிப்பித்து, ஆங்கில அரசின் தடையையும் சந்தித்தவர் அவர். இசை படிக்கும் மாணவியருக்கு இதைவிட நல்ல பொருள் அருகில் இல்லை.

கல்லூரிகளுக்கு என் வேண்டுகோள் சிறியது. தலைப்பைப் பதிவு செய்யும்போதே, எந்த ஆவணத்தை எங்கே பார்க்கப் போகிறாய் என்று மாணவி ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும் என்று வைத்துவிடுங்கள். அந்தப் பக்கத்தை எழுத முடியாத தலைப்பை ஏற்காதீர்கள். அச்சுக்கடைக்காரரால் அந்த ஒரு பக்கத்தை எழுத முடியாது.

நான் சொன்ன மாணவி 'மஞ்சள்காணி விற்பனைகள், 1928–1936' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறாள். 'பெண்களின் நிலை' என்று எங்கேயும் வரவில்லையே, இது மகளிர் வரலாறுதானா என்று துறையில் கேட்டார்களாம். இன்னும் ஒப்புதல் வரவில்லை. அதற்குள் அட்டவணையில் நாற்பத்தேழு பத்திரங்களைக் குறித்துக்கொண்டு வந்துவிட்டாள். அவற்றில் முப்பதுக்கும் மேற்பட்டவற்றில் கைநாட்டு. திங்கட்கிழமை மறுபடி சார்பதிவகத்துக்குப் போகிறாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை,
மயிலாடுதுறை.